மணல், கிறவல், மண் ஆகியவற்றை விலைக்கு வாங்குதல்

சிறுபோக வெள்ளாமை அறுவடையாகி, மாரி மழைக்கு இன்னுஞ் சில வாரங்கள் இருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் திருகோணமலை மாவட்டத்துக் கமக்காரர் கையில் சிறிது பணமும் சிறிது ஓய்வும் இருக்கும். வயலுக்குச் செல்லும் வழியைத் திருத்தல், களத்தை மேடாக்கல், நாற்றுமேடை அமைத்தல், தோட்டத்தின் பள்ளத்தை நிரப்பல் முதலிய வேலைகள் பெரும்பாலும் இக்காலத்திலேயே நடைபெறுகின்றன. இவற்றுக்கு வேண்டிய மணலையும் கிறவலையும் மண்ணையும் முன்னாளில் கமக்காரர் தம் மாட்டுவண்டியிலேயே ஏற்றி வந்தனர். எங்கே எடுத்தது, எவ்வளவு எடுத்தது என்பன அவருக்கே தெரிந்திருந்தன. இந்நாளில் அவை தொலைபேசியிற் சொல்லப்பட்டு, டிப்பரில் வந்து, ஐந்து நிமிடத்திற் கொட்டப்பட்டு விடுகின்றன. கொட்டியதைத் திரும்ப ஏற்றிச் செல்வோர் எவருமிலர். ஆதலின் ஆராய வேண்டியவற்றைப் பெட்டி சரிவதற்கு முன்னரே ஆராய்தல் வேண்டும்.

வாங்குவோர் பெரும்பாலும் விலையையே விசாரிக்கின்றனர். அதனிலும் முக்கியமானவை இரண்டு உள. ஒன்று அளவு, மற்றது அம்மண் பிறந்த இடம். அளவிற் குறைந்தால் நட்டம் ஒருமுறையோடு தீரும். உப்பு மண்ணோ, களைவிதை நிறைந்த மண்ணோ தோட்டத்தினுட் புகுந்துவிட்டால் அதன் நட்டம் பல போகங்களுக்குத் தொடரும்.

அளந்து வாங்குதல்

இம்மாவட்டத்தில் மணலும் கிறவலும் கியூப் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கியூப் என்பது 100 கன அடி. மெற்றிக் கணக்கில் 2.83 கன மீற்றர். ‘ஒரு லோட்’ என்பதை அளவாகக் கொள்ளலாகாது. அது பெட்டியைப் பொறுத்தது. உதாரணமாக, ஓர் உழவியந்திரப் பெட்டியின் உட்புற நீளம் 10 அடியும் அகலம் 6 அடியும் ஆயின், அதில் மணல் 1 அடி 6 அங்குல உயரம் நின்றால் 90 கன அடி உண்டு. அதே பெட்டியில் மணல் 1 அடி 3 அங்குலம் மாத்திரம் நின்றால் 75 கன அடியே, அதாவது முக்கால் கியூபே உண்டு. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டிற்கும் வேறுபாடு தோன்றாது.

ஆதலின் நாடா ஒன்றும், இரண்டரை அடி அல்லது மூன்றடி நீளமான இரும்புக் கம்பி ஒன்றும் கையில் இருத்தல் நன்று. பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் உட்புறமாக அளந்து, பின்னர் கம்பியை நான்கு மூலைகளிலும் நடுவிலும் அடிப்பலகையைத் தொடும்வரை செலுத்தி உயரங்களைக் குறித்து, அவ்வைந்தின் சராசரியை எடுக்க வேண்டும். நடுவில் குவித்து மூலைகளைப் பள்ளமாக விடும் வழக்கம் எங்கும் உண்டு. சாரதி, “மூன்று கியூப் குறையாது, அண்ணை. இது மூன்று கியூப் பெட்டி” என்பார். “பெட்டி மூன்று கியூப் தான், தம்பி. மணல் எவ்வளவு என்று பார்ப்போம்” எனக் கூறி நாடாவை எடுப்பதில் மனவருத்தத்துக்கு இடமில்லை. 12 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரமுள்ள பெட்டி மட்டமாக நிறைந்திருந்தாலும் 252 கன அடியே கொள்ளும். அதை மூன்று கியூப் என வாங்குபவர் அரைக் கியூபுக்குச் சற்றுக் குறைந்த மணலுக்கு வீணாகப் பணங் கொடுக்கிறார்.

ஈரமணலை வாங்குவதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. மணல் சிறிதளவு ஈரமாய் இருக்கும்போது ஒவ்வொரு மணியையும் சுற்றி நீர்ப்படலம் ஒன்று நின்று மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகின்றது. அதனால் மணல் உப்பி நிற்கும். நிறையில் நூற்றுக்கு 5 பங்களவு ஈரம் இருந்தாலே கனவளவு நாலிலொரு பங்கு கூடலாம். நுண்மணலாயின் அதனிலும் மிகும். முற்றாகக் காய்ந்த மணலிலும், நீர் சொட்டச் சொட்ட ஆற்றிலிருந்து அள்ளிய மணலிலும் இவ்வுப்பல் இல்லை. இதனை அறிவதற்குப் பக்கங்கள் நேராயுள்ள, 10 அங்குல உயரமான தகரப் பேணி ஒன்றில் மணலை அழுத்தாது விளிம்புவரை நிரப்புக. அம்மணலை ஒரு சாக்கின்மீது கொட்டிவிட்டு, பேணியில் அரைவாசிக்கு நீர் ஊற்றி, மணலைச் சிறிது சிறிதாகத் திரும்ப இடுக. இப்போது மணல் 8 அங்குல உயரத்தில் நின்றால், 100 கன அடி என்று வந்தது உண்மையில் 80 கன அடி மணலே. விற்பவர் இதில் எவ்வித சூழ்ச்சியும் செய்திலர். மணலின் இயல்பு அது. ஆயினும் விலை பேசும்போது இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அளவு ஏற்றும் இடத்திலா, இறக்கும் இடத்திலா எடுக்கப்படும் என்பதையும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். கிறவல் வீதியில் பத்து மைல் குலுங்கி வந்த பெட்டியில் மணல் சில அங்குலம் இறங்கியிருப்பது வழமை. பேசாது விட்டால் இவ்வங்குலங்களே வாய்த்தருக்கத்துக்குக் காரணமாகும்.

எவ்வளவு வேண்டும்

கமக்காரருள் பலர் களித்தரையை இளக்குவதற்கு மணல் வாங்க எண்ணுகின்றனர். இங்குக் கணக்குப் பார்ப்பது பணத்தைக் காக்கும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் ஓர் அங்குல கனத்துக்கு மணல் பரப்புவதற்கு 36 கியூபுக்கு மேல் வேண்டும். களிமண்ணின் தன்மை மணலால் மாற வேண்டுமாயின் மேல்மண்ணில் ஏறக்குறைய அரைப்பங்காவது மணலாதல் வேண்டும். ஆறு அங்குல மேல்மண்ணுக்கு மேலும் ஆறு அங்குல மணல் இடுவதாயின் ஏக்கருக்கு 218 கியூப் வேண்டும். ஒரு கியூப் காய்ந்த மணல் ஏறக்குறைய நாலரைத் தொன் நிறையுடையது. எனவே 218 கியூப் மணலின் நிறை 980 தொன்னாகும். அவ்வளவு மணலை எவரும் வாங்கப் போவதில்லை. ஐந்தோ பத்தோ கியூப் மட்டும் இடுவாராயின் பயன் எதிர்மாறாகவே முடியும். சிறிதளவு மணல் கலந்த களி காய்ந்ததும் செங்கல்லைப் போல் இறுகிவிடுகிறது.

மரக்கறிக்கு எக்டேயருக்கு 10 தொன், அதாவது ஏக்கருக்கு 4 தொன் கூட்டெரு என்பது வழமையான விதப்புரை. களிமண்ணின் கட்டிகளைப் பொலபொலப்பாக்குவதில் இந்நான்கு தொன் செய்யும் வேலையை மேற்கூறிய சில லோட் மணல் செய்யாது. ஆதலின் களித்தரைத் தோட்டத்துக்கு மணல் வாங்கவென வைத்திருக்கும் பணத்தை வைக்கோல், இலைகுழை, மாட்டெரு என்பவற்றைச் சேர்த்துக் கூட்டெரு ஆக்குவதற்குச் செலவிடுதலே சிறந்தது.

மணல் உண்மையிற் பயன்படும் இடம் நாற்றுமேடையே. 10 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள மேடையின் மேற்புறத்தில் மண், கூட்டெரு, மணல் மூன்றையும் சமபங்காகக் கலந்து இரண்டு அங்குலத்துக்குப் பரப்புவதற்கு 5 கன அடிக் கலவை போதும். அதில் மணலின் பங்கு ஒன்றே முக்கால் கன அடிக்கும் சற்றுக் குறைவு. ஒரு கியூப் மணல் 60 மேடைகளுக்குக் காணும். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று இடும் சாதாரணத் தோட்டக்காரருக்கு ஒரு கியூப் வாங்கினால் அயலவர் மூவரோடு பங்கிட்டுக் கொள்ளலாம்.

கிறவலின் கணக்கு வேறு. வழியிலோ களத்திலோ கிறவல் பரப்பி, நீர் தெளித்து உருட்டி இறுக்கிய பின் அதன் கனம் குறையும். 100 அடி நீளம், 8 அடி அகலமான வழிக்கு இறுகிய நிலையில் 4 அங்குலம் வேண்டுமாயின் 267 கன அடி ஆகும். இறுகும்போது குறைவதற்காக நாலிலொரு பங்கைக் கூட்டி, மூன்றேகால் முதல் மூன்றரைக் கியூப் வரை வாங்குதல் வேண்டும். கிறவலில் ஓரளவு களி கலந்திருத்தல் நன்று. கல் மாத்திரமாயின் பிடிக்காது உருளும், களி மிகுந்தால் மாரியிற் சேறாகும். ஒரு கைப்பிடி கிறவலை நனைத்து உருண்டையாகப் பிடித்து நிழலில் உலர்த்தினால், நல்ல கிறவல் உடையாது நிற்கும்.

மண் பிறந்த இடம்

இம்மாவட்டத்துக்கு வேண்டிய ஆற்றுமணலின் பெரும்பகுதி மகாவலி கங்கை தந்ததாகும். மத்திய மலைநாட்டில் தோன்றி 335 கிலோ மீற்றர் ஓடி வரும் இவ்வாறு மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது; அதன் கிளையான வெருகல் ஆறு தெற்கே கடலை அடைகின்றது. மலையிலிருந்து வந்த படிக்கல் மணல் கூர்மையும் தூய்மையும் உடையதாதலின் நாற்றுமேடைக்கும் கட்டடத்துக்கும் ஏற்றது.

மணலிற் கலந்துள்ள வண்டலைப் பார்ப்பதற்குக் கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மணலிட்டு, சிறிது உப்புக் கரைத்த நீரை ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தல் போதும். மணலின்மேல் வண்டல் தனிப்படையாகப் படியும். மணற்படையின் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் வண்டல் நின்றால் மேசன்மார் அம்மணலை ஒதுக்குவர். கமக்காரர் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வண்டல் நீரையும் பசளையையும் பிடித்து வைத்திருப்பது. மேசன் ஒதுக்கிய மணல் குறைந்த விலைக்குக் கிடைக்குமாயின், உப்பில்லை என்று கண்டபின் தோட்டத்துக்கு அதனையே வாங்கலாம்.

உப்பே கரையோரத்தின் பெரும் ஆபத்து. குச்சவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிற் கடலும் தோட்டமும் அடுத்தடுத்து இருத்தலால், கரையோர மணல் ஆற்றுமணல் என்னும் பெயரோடு வந்து சேர்வது எளிது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை ஊருக்குட் புகுந்த பின்னர் உப்பு ஏறிய நிலமும் கிணறும் எவ்வாறிருக்கும் என்பதை இப்பகுதியார் கண்ணாற் கண்டவர்கள். விலை கொடுத்து அதே உப்பை வண்டியில் ஏற்றிக் கொணர வேண்டியதில்லை. பயிர்கள் உப்பைத் தாங்கும் அளவு ஒன்றுபோல் இல்லை. மண்ணின் நிறைகரைசலில் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1 டெசிசீமன் ஆனதும் போஞ்சியின் விளைவு குறையத் தொடங்குகிறது, வெங்காயம் 1.2 வரையும், மிளகாய் 1.5 வரையும், தக்காளி 2.5 வரையும், நெல் 3 வரையும் தாங்கும். வெங்காயச் செய்கையாளரே இதில் அதிக கவனம் எடுக்க வேண்டியவர்.

அளக்குங் கருவி இல்லாத இடத்தில் இரண்டு சிரட்டைகள் போதும். ஒன்றில் வாங்க எண்ணிய மணலையும், மற்றதில் முன்னரே பயிர் விளைந்த நல்ல மணலையும் இட்டு, ஒவ்வொன்றிலும் 20 போஞ்சி விதை அல்லது பயறு ஊன்றி, ஒரே கிணற்று நீரை ஒரே அளவாகத் தெளிக்க. ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். முதலாவதில் முளை குறைந்தோ இலைநுனி கருகியோ காணப்பட்டால் அம்மணலை நீக்குக. நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய முறையும் பிழையானதன்று. ஆனால் நாக்குக்குத் தெரியாத உப்பு வெங்காயத்துக்குத் தெரியும். மணலிற் சிப்பி, பவளத் துகள் உண்டோ என அறிய நாலைந்து துளி தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு நோக்குக. நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. அத்தகைய மணலில் இரும்பும் நாகமும் பயிருக்குக் கிடையாது, இளம் இலைகள் மஞ்சளிக்கும்.

கடல்மணல் எக்காலத்துக்கும் ஆகாது என்பதில்லை. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலவில் கடலடியிலிருந்து உறிஞ்சி எடுத்த மணலைக் குவித்து, உப்பைக் கழுவி, கட்டட வேலைக்கு விற்று வருகின்றனர். மழை பெய்து உப்பு நீங்கும்வரை குவித்து வைக்க இடமும் பொறுமையும் வேண்டும். தோட்டக்காரருக்கு அவ்வழி உகந்ததன்று. புல்மோட்டைக் கரையிற் காணப்படும் கருமணலைப் பற்றியும் சிலர் வினவுவதுண்டு. அது இல்மனைட், உருட்டைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்த மணல். 1957 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரச கூட்டுத்தாபனத்தின் வழியாகத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பொருள். பயிருக்கு அதனால் யாதொரு பயனுமில்லை.

மணலிலும் மண்ணை வாங்குவதே கடினம். ‘கறுப்பு மண், நல்ல உரம்’ என்று கூறப்படும் மண் பலவகை. கண்டற் காட்டை வெட்டிய இடத்துச் சேறும் கறுப்பே. அதில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனியம் உண்டு. நீருக்கடியில் இருக்கும்வரை அது தீங்கு செய்வதில்லை. காற்றுப்பட்டு உலர்ந்ததும் கந்தக அமிலமாக மாறி, மண்ணின் பீ.எச். பெறுமானத்தை 4 இற்கும் கீழே இறக்கிவிடக் கூடும். அதன்மேல் எப்பயிரும் வேர் கொள்ளாது. கூழ்முட்டை நாற்றம் வீசும் கறுப்பு மண்ணை எவ்விலைக்கும் வாங்கலாகாது. நாற்றம் போய்விட்ட பழைய குவியலாயின், கட்டியை உடைத்து உள்ளே வைக்கோல் நிற மஞ்சட் கறைகள் உண்டோ எனப் பார்க்க வேண்டும்.

கிணறு வெட்டிய மண், அத்திவார மண் என்பன கீழ்மண். அவை பள்ளம் நிரப்ப உதவும், விளைவிக்க உதவா. நல்ல மேல்மண்ணிற் பழைய வேர்த்துண்டும் மண்புழுவின் எச்சமும் காணப்படும். நனைத்து முகர்ந்தால் முதல் மழை மணம் வரும். இவ்வாறான மண்ணும் தன்னோடு வேண்டாதவற்றைக் கொண்டுவரலாம். கத்தரி, தக்காளி பயிரிட்டு வாடல் கண்ட தோட்டத்து மண்ணில் அந்நோயின் பற்றீரியாவும் வேர்முடிச்சுப் புழுவும் இருக்கும். வயல் மண்ணிற் களைநெல் விதை இருக்கும். கோரைக் கிழங்கு எங்கும் இருக்கும். வவுனியாவில் 1999 ஆம் ஆண்டளவில் இனங்காணப்பட்டு வடக்குக் கிழக்கிற் பரவிய பார்த்தீனியம், மண்ணோடும் மணலோடும் வாகனச் சில்லோடும் பயணஞ் செய்வது. எனவே இயலுமாயின் மண் எடுக்கும் இடத்துக்கு ஒருமுறை நேரிற் செல்க. அங்கு நிற்கும் செடிகளே நாளை தோட்டத்தில் நிற்கப் போகின்றன. நாற்றுமேடைக்கு இடும் மண்ணை நனைத்து, நிறமற்ற பொலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, ஆவணி வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால் விதைகளும் கிருமிகளும் பெருமளவு அழியும்.

வயலின் மேல்மண்ணை விற்பதும் சில இடங்களில் நடைபெறுகின்றது. ஏக்கருக்கு ஆறங்குலம் கொடுத்தவர் அத்தோடு பல தலைமுறை இட்ட எருவையும் கொடுத்து விடுகிறார். வயல் பள்ளமாகி நீர் வடியாத நிலையும் உண்டாகிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதலும் அதிலிருந்து மண்ணை அகற்றுதலும் கூடா. வாங்குபவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

மணற்றரையில் வெங்காயமும் மிளகாயும் செய்பவருக்கு வாங்கத்தக்க சிறந்த மண் குளத்து வண்டலே. அரை அங்குலப் படைக்கு ஏக்கருக்கு 18 கியூப் வேண்டும். அதனை ஒரே ஆண்டில் இடவேண்டும் என்பதுமில்லை. தமிழ்நாட்டில் ஏரி, குளங்களின் வண்டலைக் கமக்காரர் கட்டணமின்றி எடுப்பதற்கு 2017 ஆம் ஆண்டு முதல் வழி செய்யப்பட்டது. அங்கு நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீற்றரும், புன்செய்க்கு 90 கன மீற்றரும் அனுமதிக்கப்பட்டன. 75 கன மீற்றர் ஏறக்குறைய 26 கியூப். ஏக்கரிற் பரப்பினால் முக்கால் அங்குலம். இங்கு 80 எக்டேயர் வரை நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. வரட்சிக் காலத்தில் வண்டல் எடுக்க விரும்புவோர் கமக்காரர் அமைப்பின் வழியாகக் கமநல சேவை நிலையத்திற் கேட்டல் வேண்டும். மெதுவான வண்டற் படையோடு நிறுத்தி, அதன் கீழுள்ள இறுகிய பழைய தரையைத் தொடாது விடுக. அதைக் கிண்டினால் குளத்து நீர் கீழே ஒழுகும். அணைக்கட்டின் அடியிலும் எடுக்கலாகாது.

அனுமதிப்பத்திரம்

மணல், கிறவல், மண் ஆகியவை 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். 2019 டிசம்பரில் மணலுக்கும் மண்ணுக்கும் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என அரசு நீக்கியது. ஆற்றங்கரைகளில் அகழ்வு மிகுந்தது. பின்னர் அம்முறை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கரையோரம் பேணல் தொடர்பான 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டமும் கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரையும், ஆற்று முகங்களில் 2 கிலோ மீற்றர் வரையும் மணல் அகற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றது.

பத்திரத்தில் வாகன இலக்கம், திகதி, எடுத்த இடம், அளவு ஆகியன எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பணங் கொடுக்க வேண்டும். முற்பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு இருந்தால், வாகனம் வழியில் மறிக்கப்படும் நாளில் மணலும் வராது, பணமும் வராது.

இதனைக் கடுமையான ஒழுங்கு எனக் கருதுவோர் ஆற்றின் நிலையைக் கருதிப் பார்க்கலாம். 1980 களிற் கட்டப்பட்ட கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் மகாவலி கொணரும் மணலின் ஒரு பகுதியை மேலேயே தடுத்து வைத்திருக்கின்றன. 2009 இல் போர் முடிந்த பின்னர் வீடமைப்பும் வீதி வேலையும் பெருகி மணலின் தேவை உயர்ந்தது. உலகம் முழுவதுமே இவ்வாறுதான். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5,000 கோடி தொன் மணலும் சரளையும் செலவாகின்றன என ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் 2022 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. வருவது குறைந்து எடுப்பது கூடினால் ஆற்றின் அடித்தளம் தாழும். அப்போது கரை இடிந்து வயல் ஆற்றில் விழும். கோடையிற் கடல்நீர் ஆற்றினுள் ஏறி, அடுத்துள்ள கிணறுகளும் உவர்க்கும். நீர்மட்டம் தாழ்ந்தால் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு நீர் ஏறாது. மாவிலாற்று அணைக்கட்டை நம்பியிருக்கும் மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்று வயல்களுக்கு இது சிறிய காரியமன்று. கள்ளமாக அள்ளுவதில் உயிர்ச்சேதமும் நேர்ந்திருக்கிறது. 2019 சனவரியில் கிண்ணியாப் பகுதியில் மணல் அகழ்வோரைக் கடற்படையினர் சுற்றிவளைத்தபோது இளைஞர்கள் ஆற்றில் மூழ்கி இறந்தனர். பத்திரமில்லாத மணலுக்குச் சற்றுக் குறைந்த விலை கேட்கப்படும்போது அவ்விலை எவ்வாறு குறைந்தது என்பதை வாங்குவோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

வாகனம் வரும் வழி

மூன்று கியூப் மணலின் நிறை மாத்திரம் பதின்மூன்று தொன்னுக்கு மேற்பட்டது. வாகனத்தின் நிறையையும் கூட்டினால், மாட்டுவண்டிக்கும் சிறிய உழவியந்திரத்துக்குமென அமைத்த வாய்க்காற் பாலம் அதனைத் தாங்காது. குளக்கட்டின் மேலாகவோ வாய்க்கால் வரம்பின் மேலாகவோ டிப்பரை வரவிடுவது மிகவும் தவறு. 1986 ஏப்பிரல் 20 ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; ஏறக்குறைய 2,000 ஏக்கர் வயல் அழிந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு நீர் வழங்கும் பம்பு நிலையம் ஒன்றை அணையருகே அமைக்கும் வேலை அப்போது நடைபெற்றுக் கொண்டிருந்தது. அணைமேல் ஓடிய வாகனங்களின் மிகுந்த பாரம் உடைப்புக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. சிறு குளத்தின் கட்டும் அதே மண்ணால் ஆனதே. உறுதியான வீதி முடியும் இடத்தில் கொட்டுவித்து, எஞ்சிய தூரத்துக்கு உழவியந்திரப் பெட்டியில் அரைக் கியூபாக ஏற்றிச் செல்வதால் கூலி சிறிது கூடும். கட்டும் பாலமும் நிலைக்கும்.

ஈரமான வயலுள் பாரவண்டி இறங்கினால் அடிமண் இறுகி, அடுத்த போகத்திற் சில்லுப் பட்ட இடமெல்லாம் பயிர் குட்டையாக நிற்பதைக் காணலாம். ஆதலால் ஐப்பசி மழை தொடங்கு முன்னரே ஏற்றி இறக்குதல் வேண்டும். அப்பொழுது ஆறும் வற்றியிருக்கும். மாரி பிறந்தபின் ஆறு பெருகி மணல் அருகி விலை ஏறுவதும் வழமை.

கொட்டும் இடத்தை முதல்நாளே துப்புரவாக்கி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் மரத்தின் அடிக்கும் விலகிய மேடான இடமாகத் தெரிந்துகொள்க. மணலையும் மண்ணையும் வெவ்வேறாகக் குவித்து, மழையில் கரைந்தோடாதபடி கிடுகாலோ தறப்பாளாலோ மூடி, அடியைச் சுற்றிக் கல் அணைத்தல் வேண்டும். மண் குவியலை உடனே தோட்டத்திற் பரப்பாது, ஒருமுறை நீர் தெளித்து இரண்டு வாரம் திறந்து வைத்தால், அதனோடு வந்த விதைகள் குவியலிலேயே முளைத்துத் தம்மைக் காட்டிக்கொள்ளும். பார்த்தீனியம் போன்று இலை பிளவுபட்ட, பழக்கமில்லாத நாற்று எதுவும் காணப்பட்டால், பூக்கும் முன்னர் கையுறையிட்டுப் பிடுங்கி எரித்துவிட்டு, அப்பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும். விற்றவர் தந்த பற்றுச்சீட்டையும் அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் அதுவரையாவது வைத்திருந்தால், அம்மண் எங்கிருந்து வந்தது என்பதை அவர் தேடிக் கண்டுபிடிக்க இயலும்.